கோடைக்காலப் பணியும் இறையியல் கல்வியும்: நோட்டர் டேம் பல்கலைக்கழகத் திட்டம் ஓர் ஆய்வு

கல்விச்சாலையில் பயிலும் இறையியலும் தெருவில் வாழும் ஏழையின் வாழ்வும் எங்கே சந்திக்கின்றன என்னும் வினா திருச்சபைகள் அனைத்திற்கும் பொதுவானது. சீர்திருத்தச் சபைகளைச் சார்ந்த நாம் இதற்கு நம் வழியில் விடை தேடி வந்திருக்கிறோம். கத்தோலிக்க மரபினர் கண்ட விடைகளுள் ஒன்றை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் 1980இல் தொடங்கப்பெற்ற கோடைக்காலப் பணிவழிக் கற்றல் திட்டமே அது. அதைப் போற்றுவதோ தூற்றுவதோ நம் நோக்கமன்று. பணியோடு பாட மதிப்பை இணைக்கும் இம்முறை, கிருபையையும் நற்கிரியையையும் பற்றிய நம் அறிக்கையோடு பொருந்துமா? இதனால் பயன் பெறுபவர் மாணவரா, ஏழையரா? இவ்விரு வினாக்களே நம் முன் நிற்கின்றன.

1. திட்டத்தின் அமைப்பு

நோட்டர் டேம், திருச்சிலுவைச் சபையின் பிரெஞ்சுக் குருவாகிய எட்வர்ட் சோரின் 1842இல் நிறுவிய கல்விக்கூடமாகும். அங்கே 1983இல் சமூக அக்கறை மையம் உருவாயிற்று. கோடைக்காலத் திட்டம் நெடுங்காலம் அதன் பொறுப்பில் நடைபெற்றது. மையத்தை நிறுவிய டான் மெக்நீல் அடிகள் இறையியல் ஆசிரியராகவும் இருந்தார். ஹென்றி நூவென், டக்ளஸ் மாரிசன் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1982இல் மனதுருக்கம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மனதுருக்கம் என்பது மேலிருந்து கீழே கை நீட்டுவதன்று. துன்புறுவோருடன் அவர்கள் இருக்கும் இடத்திலேயே இருப்பது என்பதும், கிறிஸ்து தம்மை வெறுமையாக்கினதைக் கூறும் பிலிப்பியர் 2ஆம் அதிகாரமே இதற்கு அடிப்படை என்பதும் அந்நூலின் சாரம். திட்டத்தின் உள்ளுணர்வும் இதுவே எனலாம்.

கோடை விடுமுறையில் மாணவர் எட்டு வாரங்கள் ஓர் ஊரில் தங்கி, வீடற்றோர் விடுதி, இலவச மருத்துவ நிலையம், ஏழைச் சிறுவருக்கான முகாம், கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தின் விருந்தோம்பல் இல்லம் போன்ற இடங்களில் முழுநேரமாகப் பணியாற்றினர். பல ஊர்களிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள் அவர்களுக்கு இடம் தேடித் தந்து, பொருளுதவியும் செய்தன. பணி முடித்தோருக்குக் கல்விக் கட்டணத்தின் ஒரு பகுதிக்கு உதவித்தொகை கிடைத்தது. இவ்வுதவித்தொகைக்குத் தக்க காரணம் இருந்தது. அந்நாட்டு மாணவர் பலர் அடுத்த ஆண்டுக் கல்விச் செலவுக்காகக் கோடையில் கூலி வேலை செய்பவர்கள். உதவி இல்லையெனில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே பணிக்குச் செல்ல இயலும். ஏழை மாணவன் விலக்கப்படுவான்.

இது வெறும் தொண்டு முகாம் அன்று; மூன்று மதிப்பலகுகள் கொண்ட இறையியல் பாடமாக இருந்தது. புறப்படுமுன் ஆயத்த வகுப்புகள் நடைபெற்றன. பணிக்காலத்தில் மாணவர் திருமறைப் பகுதிகளையும் கத்தோலிக்கச் சமூகப் போதனையையும் வாசித்து, நாட்குறிப்பு எழுத வேண்டியிருந்தது. திரும்பியபின் கலந்துரையாடலும் எழுத்துப் பணியும் இருந்தன.

2. மரபின் வேர்கள்

பணியையும் கல்வியையும் இணைக்கும் இச்சொல்லாட்சி திருச்சபையில் பிறந்ததன்று. 1967இல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கல்விப் பணியாற்றிய ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே ஆகியோர் அதனை வழக்கிற்குக் கொண்டுவந்தனர். அனுபவமும் அதைப் பற்றிய சிந்தனையும் சேர்ந்தே கல்வியாகும் என்று ஜான் டூயி 1938இல் எழுதியது இதற்கு வழி வகுத்தது.

ஆயினும் கத்தோலிக்க மரபில் இதற்குச் சொந்த வேர்களும் உண்டு. பெல்ஜியம் நாட்டுக் குருவாகிய யோசேப்பு கார்டின் 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை உருவாக்கினார். நிலைமையைக் காணுதல், நற்செய்தியின் ஒளியில் ஆராய்தல், செயல்படுதல் என அவர் வகுத்த மூன்று படிகளை 23ஆம் யோவான் பாப்பரசர் 1961இல் வெளியிட்ட தம் சுற்றுமடலில் ஏற்றுப் பரிந்துரைத்தார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் உலகின் மகிழ்ச்சியையும் துயரையும் திருச்சபை தன்னுடையதாகக் கருத வேண்டுமெனக் கூறிற்று. 1968இல் மெதெயினிலும், 1979இல் புவெப்லாவிலும் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் ஏழையர் பக்கம் நிற்பதைத் தெளிவுபடுத்தினர். இயேசு சபைத் தலைவர் பேதுரு அருப்பே 1973இல் ஸ்பெயின் நாட்டு வாலென்சியாவில், பிறருக்காக வாழ்வோரை உருவாக்காத கல்வி கிறிஸ்தவக் கல்வியாகாது என்னும் கருத்தை முன்வைத்தார். அவருக்குப் பின் வந்த பீட்டர் ஹான்ஸ் கோல்வென்பாக், 2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில் ஆற்றிய உரையில், தோழமையைக் கருத்துகளைக்காட்டிலும் நேரடித் தொடர்பே கற்பிக்கிறது என்று வலியுறுத்தினார். இவையனைத்தும் ஒரே திசையை நோக்குகின்றன. ஏழையை அறியாத இறையியல் கடவுளையும் குறைவாகவே அறிகிறது என்பதே அத்திசை.

3. மதிப்பலகும் புண்ணியமும்

நமக்கு இயல்பாக எழும் தடை இதுதான். நற்கிரியைக்கு மதிப்பலகு வழங்குவது, நற்கிரியைக்குப் புண்ணியம் உண்டென்ற பழைய போதனை கல்விக்கூடத்திற்குள் வேறு உருவில் நுழைவதாகாதா? ஏழைக்கு உணவு பரிமாறி அதற்குரிய பலனைச் சான்றிதழில் பெறுபவன், தான் செய்த தருமத்திற்கு முன் எக்காளம் ஊதுபவனைவிட எவ்வகையில் மேலானவன்? (மத். 6:1-4.)

இத்தடையை எளிதில் தள்ளிவிடலாகாது. ஆனால் பணிவழிக் கற்றல் முறையினர் தொடக்கத்திலிருந்தே ஒரு வேறுபாட்டை வற்புறுத்துகின்றனர். மதிப்பலகு பணிக்கு அன்று, கற்றலுக்கே. எத்தனை பேருக்கு உணவளித்தாய் என்று ஆசிரியர் கேட்பதில்லை. கண்டதை எவ்வாறு புரிந்துகொண்டாய் என்றே கேட்கிறார். மனதுருக்கத்தை அளக்கும் கோல் எந்தப் பல்கலைக்கழகத்திடமும் இல்லை. மாணவனின் சிந்தனையை மட்டுமே அது அளக்க முடியும்.

லூத்தர் 1520இல் வெளியிட்ட கிறிஸ்தவனின் சுதந்தரம் பற்றிய நூலில், கடவுளிடமிருந்து எல்லாவற்றையும் இலவசமாகப் பெற்றவன் தன் கிரியைகளைக் கடவுளுக்கு விற்கத் தேவையில்லை. அவற்றை அயலானுக்கு இலவசமாகக் கொடுக்கலாம் என்று விளக்கினார். 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் அவுக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையொப்பமிட்ட கூட்டறிக்கை, நம் தகுதியால் அன்று, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்றும், நற்கிரியைகள் அதன் கனிகள் என்றும் ஒப்புக்கொண்டது. ஆகவே இங்கே இரு சபைகளையும் பிரிக்கும் சுவர் நாம் எண்ணும் அளவு உயரமானதன்று. ஆபத்து கோட்பாட்டில் அன்று, மாணவனின் உள்ளத்தில் இருக்கிறது. தான் நல்லவன் என்ற மனநிறைவோடு திரும்புபவன் எச்சபையைச் சார்ந்தவனாயினும் பரிசேயனே.

4. பயன் யாருக்கு?

இரண்டாம் வினா இன்னும் கடினமானது. 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், மெக்சிகோவில் கோடைத் தொண்டாற்றச் செல்லும் அமெரிக்க மாணவரிடம் இவான் இல்லிச் ஓர் உரை நிகழ்த்தினார். அப்போது அவர் கத்தோலிக்கக் குருவாக இருந்தார். நல்லெண்ணம் மட்டும் போதாது. மொழியறியாது, வாழ்வறியாது வந்து உதவி செய்வதாக நினைப்பது அவ்வூர் மக்கள்மேல் உங்கள் வாழ்க்கைமுறையைத் திணிப்பதே. பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், உதவ வராதீர்கள் என்பது அவ்வுரையின் கருத்து. பணித்திட்டங்களை நடத்துவோர் பலர் இன்றும் இவ்வுரையை மாணவர் கையில் கொடுத்தே அனுப்புகின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

2009இல் ராண்டி ஸ்டோக்கரும் எலிசபெத் டிரையனும் வெளியிட்ட நூல், மாணவரை ஏற்கும் தொண்டு நிலையங்களின் குரலைக் கேட்டது. மாணவருக்குப் பயிற்சி தருவதற்கே நிலையத்தாரின் காலம் செலவாகிறது. பழகிய வேளையில் மாணவர் போய்விடுகின்றனர் என்பது அங்கே எழுந்த முறையீடு. வாரத்திற்குச் சில மணி நேரம் வந்து போகும் முறையில் இக்குறை மிகுதி. எட்டு வார முழுநேரப் பணி இதனை ஓரளவு தணிக்கிறது. ஆனால் முற்றிலும் நீக்குவதில்லை. அன்பு காட்டிய அண்ணன் ஆகஸ்டு மாதத்தில் மறைந்துபோவதை முகாமிலுள்ள சிறுவன் எவ்வாறு பொருள்கொள்வான் என்று சிந்திக்க வேண்டும்.

சிக்மன் 1979இல் வகுத்த மூன்று நெறிகள் இங்கு நமக்கு உரைகல்லாகின்றன. எவ்வகைப் பணி வேண்டும் என்பதைப் பணி பெறுவோரே தீர்மானிக்க வேண்டும். அப்பணியால் அவர்கள் தம் சொந்தச் செயலாற்றலில் வளர வேண்டும். பணி செய்வோர் தாமும் கற்போர் என்பதை உணர்ந்து, கற்க வேண்டியதைத் தாமே வரையறுப்பதில் பங்கு பெற வேண்டும். முதல் நெறி மீறப்படும் இடத்தில் ஏழை பாடப்பொருளாகிறான். கடைப்பிடிக்கப்படும் இடத்தில் அவன் ஆசிரியனாகிறான். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் அரசர் சிறியவராகிய சகோதரரைத் தம்மோடு ஒன்றாக்கிப் பேசுகிறார். அச்சகோதரர் வேறொருவரின் வளர்ச்சிக்குக் கருவியாக அங்கே நிற்கவில்லை.

5. இரக்கத்திலிருந்து நீதிக்கு

எட்டு வாரங்களில் வறுமை ஒழியாது. ஆனால் உணவு பரிமாறும் மாணவன், இவ்வளவு செல்வம் கொழிக்கும் நாட்டில் இவ்வரிசை ஏன் இத்தனை நீளம் என்று கேட்கத் தொடங்கினால், அதுவே திட்டத்தின் கனி. நல்ல சமாரியன் உவமையை விளக்கிய மார்ட்டின் லூதர் கிங் 1967இல், அடிபட்டவனைத் தூக்குவதோடு நில்லாமல் எரிகோ வழியையே மாற்றியமைக்க வேண்டும் என்னும் கருத்தைக் கூறினார். பணிக்குமுன் ஆயத்தமும் பணிக்குப்பின் ஆய்வும் இல்லாத தொண்டு இவ்வினாவை எழுப்புவதில்லை, இரக்கத்தோடு நின்றுவிடும்.

6. நமக்குரிய படிப்பினை

நம் இறையியல் மாணவருக்கும் களப்பணி உண்டு. விடுமுறை ஊழியமும் உண்டு. அவற்றை அறிக்கை எழுதி முடிக்கும் கடமையாகக் கருதாது, இறையியல் வகுப்பின் தொடர்ச்சியாக நடத்துகிறோமா? மாணவனை ஏற்ற சபையாரிடமும் சேரி மக்களிடமும், இவனால் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று எப்போதாவது கேட்கிறோமா? திரும்பி வந்தவன் கண்டதை ஆசிரியர்கள் தங்கள் பாடத்திற்குள் ஏற்றுக்கொள்கிறார்களா, அல்லது அவன் கண்டது ஒருபுறமும் பாடம் ஒருபுறமுமாக இருக்கின்றனவா?

கத்தோலிக்க மரபிலிருந்து நாம் கற்கத்தக்கது பணியைப் பாடமாக்கும் துணிவு. அம்மரபுக்கு நம் மரபு நினைவூட்டத்தக்கது, பணி ஒருபோதும் நம் தகுதியாகாது என்பது. இரண்டும் சேரும் இடத்தில், ஏழையின் வாசலில் நிற்கும் மாணவன் கொடுப்பவனாக அன்று, கிருபை பெற்றவனாகவும் இன்னும் பெற வேண்டியவனாகவும் நிற்பான். அத்தகையோரை உருவாக்கும் பொறுப்பு இறையியல் கல்லூரிகளுக்கும், அவர்களை ஏற்கும் சபைகளுக்கும், அவர்களை வழிநடத்தும் போதகர்களுக்கும் உரியது.