ஊரே காத்த ரகசியம்!
நாஜித் தலைவன் கொலை: சினிமாவும் உண்மையும்

1942-ம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி. பிராக் நகரில் ஒரு சாலை வளைவு. திறந்த கார் ஒன்று வேகம் குறைந்து திரும்பியது.

காரில் இருந்தவன் ஹைட்ரிச். செக் நாட்டை அடக்கி ஆள ஹிட்லர் அனுப்பிய கொடியவன். "கசாப்புக்காரன்" என்று அவனுக்குப் பெயர்.

ஒரு வாலிபர் குறுக்கே பாய்ந்தார். துப்பாக்கியை நீட்டினார். அது சுடவில்லை! இன்னொரு வாலிபர் வெடிகுண்டை வீசினார். படுகாயம் அடைந்த ஹைட்ரிச், ஜூன் 4-ந் தேதி செத்தான்.

மறு ஆண்டே படம்

1943-ல் ஹாலிவுட்டில் இது படமாக வந்தது. "தூக்கிலிடுவோரும் சாவார்கள்" என்பது படத்தின் பெயர். டைரக்டர் பிரிட்ஸ் லாங். கதையில் அவருக்குக் கை கொடுத்தவர் நாடக ஆசிரியர் பிரெக்ட். இருவரும் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்கள்.

யுத்த காலம். கொன்றது யார் என்ற முழு விவரம் தெரியாது. ஆகவே கற்பனைக் கதை எழுதினார்கள்.

படத்தில் சுடுகிறவர் ஒரு டாக்டர். அவருக்கு ஒரு பெண் இடம் கொடுக்கிறாள். அவளுடைய தந்தையை நாஜிகள் பிடித்துப் போகிறார்கள். கொலையாளி அகப்படாவிட்டால் தந்தை சாவார்!

அப்பாவைக் காப்பாற்ற, உண்மையைச் சொல்லிவிட அந்தப் பெண் புறப்படுகிறாள். ஊர் மக்கள் வழி மறிக்கிறார்கள். முடிவில் ஊரே ஒன்று சேர்ந்து பொய்சாட்சி சொல்லி, ஒரு துரோகியை மாட்டி வைக்கிறது.

படம் ஒரே சீராக இல்லை. சில காட்சிகளில் மூச்சு நிற்கிறது. சில காட்சிகளில் ஒரே பிரசங்கம்.

நடந்தது என்ன?

உண்மையில் ஒருவன் வாயைத் திறந்தான். போராட்ட வீரர்களில் ஒருவனான சுர்டா, வீரர்களுக்கு இடம் கொடுத்த வீடுகளைக் காட்டிக் கொடுத்தான். ஒரு வீட்டில் இருந்த தாய், போலீஸ் வந்ததும் விஷம் குடித்து உயிரை விட்டார்.

மாதா கோவிலில் ஒளிந்திருந்த 7 வீரர்களும் ஜூன் 18-ந் தேதி போராடி மடிந்தார்கள்.

அதற்கு முன்பே, லிடிட்சே என்ற கிராமத்தில் 173 ஆண்களை நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். அவர்களுக்கும் கொலைக்கும் சம்பந்தமே இல்லை!

துரோகி சுர்டா 1947-ல் தூக்கில் தொங்கினான்.

படம் சொன்ன கதை பொய். ஆனால் ரகசியத்தைக் காக்க உயிரைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அது மட்டும் பொய் அல்ல.