குவெரி ஏன் மெதுவாகிறது?

ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970-இல் முன்வைத்த தொடர்புசார் தரவுத்தளத்தில், என்ன தகவல் வேண்டும் என்று குவெரியில் சொன்னால் போதும். அதை எப்படித் தேடி எடுப்பது என்பதைத் தரவுத்தளமே முடிவு செய்துகொள்ளும். குவெரி மெதுவாக ஓடினால் அந்த முடிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் என்று சேர்த்தால் தரவுத்தளம் தன் திட்டத்தைக் காட்டிவிடும். இதைப் பார்க்காமல் சர்வரின் நினைவகத்தைக் கூட்டுவது பெரும்பாலும் வீண்செலவு.

திட்டத்தில் முழு டேபிளும் படிக்கப்படுவதாகத் தெரிந்தால், அங்கே இண்டெக்ஸ் தேவைப்படலாம். போயிங் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் உருவாக்கிய பி-ட்ரீதான் இன்றும் பெரும்பாலான இண்டெக்ஸ்களுக்கு அடிப்படை. மதிப்புகள் அதில் வரிசையாக, பக்கம் பக்கமாக இருக்கும். பக்கத்துக்கு 300 என்று வைத்தால், மூன்றே அடுக்குகளில் 2.7 கோடி மதிப்புகள் அடங்கிவிடும். கோடிக்கணக்கான பதிவுகளில் ஒன்றை எடுக்க நாலைந்து பக்கங்களைப் படித்தால் போதும்.

இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாமல் போவதுண்டு. உதாரணமாக, ஆர்டர் வந்த நேரத்துக்கு இண்டெக்ஸ் இருக்கிறது. குவெரியோ ஒவ்வொரு நேரத்தையும் தேதியாக மாற்றி, மார்ச் 5-ஆ என்று சோதிக்கிறது. மாற்றிய மதிப்பு இண்டெக்ஸில் இல்லாததால் முழு டேபிளையும் படிக்க வேண்டியதாகிறது. ‘மார்ச் 5 நள்ளிரவு முதல் மார்ச் 6 நள்ளிரவுக்கு முன்வரை’ என்று எல்லை கொடுத்து எழுதினால் அதே இண்டெக்ஸ் உடனே கைகொடுக்கும்.

திட்டம் தவறுவதற்கு இன்னொரு காரணம், டேபிள்களைப் பற்றித் தரவுத்தளம் வைத்திருக்கும் புள்ளிவிவரம் பழையதாகிவிடுவது. எக்ஸ்பிளெய்ன் அனலைஸ், தரவுத்தளம் எதிர்பார்த்த பதிவுகளின் எண்ணிக்கையையும் உண்மையில் வந்ததையும் அருகருகே காட்டும். 10 என்று எதிர்பார்த்த இடத்தில் லட்சம் வந்திருந்தால், புள்ளிவிவரத்தைப் புதுப்பிப்பதே முதல் வேலை.

செயலியின் நிரலில் ஒளிந்திருக்கும் கோளாறு இதைவிடப் பொல்லாதது. 50 ஆர்டர்களை ஒரு குவெரியில் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனித்தனியாகக் கேட்டால் மொத்தம் 51 குவெரிகள். ஒவ்வொன்றும் நொடிப்பொழுதில் முடிவதால் மெதுவான குவெரிகளின் பதிவேட்டில் எதுவுமே சிக்காது. திரை மட்டும் தாமதமாகத் திறக்கும். இரண்டு டேபிள்களையும் ஜாயின் செய்தால் ஒரே குவெரியில் முடிந்துவிடும்.

குவெரி வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக எல்லா நெடுவரிசைகளுக்கும் இண்டெக்ஸ் போடுவது சரியல்ல. புதுப் பதிவு சேரும்போதெல்லாம் ஒவ்வொரு இண்டெக்ஸையும் திருத்த வேண்டியிருப்பதால் எழுதும் வேகம் குறையும். எந்த இண்டெக்ஸ் எத்தனை முறை பயன்பட்டது என்ற கணக்கை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வைத்திருக்கிறது. நெடுநாளாகப் பூஜ்ஜியத்திலேயே நிற்பவற்றில், மதிப்பு இரட்டிக்காமல் காக்கும் இண்டெக்ஸ்களை விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கிவிடலாம்.