லாரியில் வரும் வீடு: எதை வாங்குவது?

வேடசந்தூர் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பா, "லாரியில வந்து இறங்குற வீடு வாங்கலாமாடா?"ன்னு கேட்டார். தேடினால், அதில் ரெண்டு வகை.

அமெரிக்காவில் மேனுஃபாக்சர்டு வீடு என்பதற்கு அடியில் நிரந்தரமாக இரும்புச் சட்டம் இருக்கும். 1976 ஜூன் முதல் அதற்கு மத்திய அரசின் விதி. மாடுலர் வீடும் ஆலையில்தான் தயாராகிறது. ஆனால் அஸ்திவாரத்தில் பொருத்தி, உள்ளூர்க் கட்டட விதிப்படி நிற்கணும்.

நம்மூரில் முதல் வகைக்குக் கிட்ட வருவது கன்டெய்னர் வீடு. இரண்டாவதற்கு, சென்னை பெரும்பாக்கத்தில் 2022 மே மாதம் திறந்த 1,152 குடியிருப்புகளைச் சொல்லலாம். அங்கே தூண், உத்தரம், தளம் எல்லாம் தனியே வார்த்துப் பொருத்தினார்கள். (முழு அறையாக வரவில்லை, ஒன்றுவிட்ட சொந்தம்தான்.)

20 அடிக்கு 8 அடிப் பெட்டி என்றால் வெளியளவே 160 சதுர அடி. திண்டுக்கல் சித்திரை வெயிலில் வெறும் தகரம் அடுப்பாகிவிடும். கூரைக்கும் சுவருக்கும் வெப்பத்தடுப்புப் போடும் செலவையும் விலையோடு கூட்டணும். கிரேன் வர தோட்டத்துப் பாதை தாங்குமான்னும் பாக்கணும்.

வாரத்துக்கு ரெண்டு ராத்திரி தங்க பெட்டி போதும். நிலத்தை வித்தா தூக்கிட்டுப் போயிடலாம். சித்தப்பாவுக்கோ சித்தியோட கடைசிவரை அங்கேயே இருக்கணும். அஸ்திவாரம் போட்டுடுங்கன்னேன். "அப்ப கொத்தனாரையே கூப்பிடுறேன்"னார். ஒரே அச்சில் பல வீடு வார்த்தால்தான் ஆலை முறை கட்டுப்படியாகும். ஒத்தை வீட்டுக்கு அவர் சொன்னதே சரி.