பால்மரத்துக்கு யார் விலை வைத்தார்கள்?

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே ஒரு முதிய ரப்பர் மரம் நிற்கிறது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் 9 கன்றுகள் இவ்வூரில் நடப்பட்டன. அவற்றில் எஞ்சியது இதுவே என்கிறார்கள். ரப்பர் பரவிய பிறகுதான் நம் முன்னோர் பல்லாயிரக்கணக்கில் பேராக் தோட்டங்களுக்கு வந்தனர்.

பல்கலைக்கழகத்தில் நான் பொருளியல் படிக்கிறேன். அனைத்துலக வாணிபப் பாடத்தில் ‘ரப்பர் ஒப்பந்தங்கள்’ என்ற தலைப்பு வந்தபோது சுங்கை சிப்புட் பக்கத்தில் பால் வெட்டிய என் பாட்டியின் நினைவுதான் வந்தது. “விலை விழுந்தா நம்ம சம்பளமும் விழும்” என்பார். அந்த விலை எங்கே முடிவாகிறது என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் அந்தப் பாடத்தில்தான் தெரிந்தது.

1922-இல் பிரிட்டன் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்து மலாயா, இலங்கை ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. டச்சுக்காரர்களின் இந்தோனேசியா அதில் சேரவில்லை. விலை ஏறிய லாபத்தில் அங்கே உற்பத்தி பெருகியது. 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934-இல் பல அரசாங்கங்கள் கூடி ஒரு கட்டுப்பாட்டு ஒப்பந்தம் செய்தன. பால் வெட்டுகிறவருக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை.

1979-இல் நிலைமை சற்று மாறியது. ஐ.நா. ஆதரவில் உருவான அனைத்துலக இயற்கை ரப்பர் ஒப்பந்தத்தில் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து போன்ற உற்பத்தி நாடுகளும் அமெரிக்கா, ஜப்பான் போன்ற பயனீட்டு நாடுகளும் சேர்ந்து கையெழுத்திட்டன. தலைமையகம் நம் கோலாலம்பூரில் அமைந்தது. விலை மிகவும் இறங்கினால் அமைப்பு ரப்பரை வாங்கிக் கிடங்கில் வைக்கும். மிகவும் ஏறினால் விற்கும். 5,50,000 டன் வரை இருப்பு வைக்க ஒப்பந்தம் இடம் தந்தது.

இதே முறையில் இயங்கிய அனைத்துலக ஈய மன்றம் 1985 அக்டோபரில் கையிருப்புப் பணம் தீர்ந்து சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. ஈயத்தால் வளர்ந்த ஈப்போவுக்கு அது பேரிடி. ரப்பர் ஒப்பந்தம் அதற்குப் பிறகும் தாக்குப்பிடித்தது. ஆனால் 1997-98 ஆசிய நிதி நெருக்கடியில் விலை வீழ்ந்தபோது அமைப்பு போதிய அளவு கைகொடுக்கவில்லை என்று உற்பத்தி நாடுகள் அதிருப்தி அடைந்தன. மலேசியாவும் தாய்லாந்தும் விலகின. 1999-இல் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது.

இதெல்லாம் பழைய கதையா? இல்லை. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்புத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. அமலாகும் தேதி தள்ளிப்போனாலும், 2020-க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பரையும் செம்பனை எண்ணெயையும் அங்கே விற்க முடியாது என்பதே அதன் சாரம். விளைந்த நிலம் எது என்று இட ஆயத்தொலைவுடன் காட்ட வேண்டும். காட்டைக் காப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் பெரிய நிறுவனத்துக்கு எளிதான இந்த ஆவண வேலை, நாலைந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்குப் பெரும் சுமை. முன்பு வாங்குபவரும் விற்பவரும் ஒரே மேசையில் பேசினார்கள். இந்த விதியை வாங்குபவரே எழுதிவிட்டார்.

முறையிட உலக வாணிப நிறுவனம் இருக்கிறது. ஆனால் புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா இணங்காததால் அதன் மேல்முறையீட்டுக் குழு 2019 டிசம்பர் முதல் செயலிழந்து கிடக்கிறது. கீழ்நிலைக் குழுவில் வென்றாலும், தோற்ற நாடு மேல்முறையீடு செய்துவிட்டால் வழக்கு அந்தரத்தில் நிற்கும். பொது விதி தளர்ந்தால் பெரிய நாடுகள் தனியே பேரம் பேசிக்கொள்ளும். நம்மைப் போன்ற நடுத்தர நாட்டுக்கு விதிதான் பலம்.

நம் மாணவர்கள் மருத்துவத்தையும் பொறியியலையும் விரும்பிப் படிக்கிறோம். வாணிபச் சட்டத்தையும் பேச்சுவார்த்தைக் கலையையும் கற்க நம்மில் சிலராவது முன்வர வேண்டும். அடுத்த ஒப்பந்தத்தின் வரைவு மேசைக்கு வரும்போது, “இது சிறுதோட்டக்காரருக்கு எத்தனை வெள்ளி செலவு வைக்கும்?” என்று கேட்க அங்கே ஒருவர் இருக்க வேண்டும். தோட்டத்து வீடுகளில் வளர்ந்த தலைமுறைக்கு அந்தக் கேள்வியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.