கப்பி மீனும் அதன் குட்டிகளும்

வண்ண மீன் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய நான்கு மீன்களுக்கும் பொதுவான தன்மை, அவை முட்டையிடாமல், பிறந்த உடனே நீந்தவும் இரை பிடிக்கவும் வல்ல குட்டிகளை ஈனுவதாகும். பொசிலிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த இவற்றின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகள். பிளாட்டியும் வாள்வாலும் மெக்சிகோவுக்கும் நடு அமெரிக்காவுக்கும் உரியவை, கப்பியோ வெனிசுவேலா, டிரினிடாட் முதலிய இடங்களின் ஓடைகளுக்கு உரியது. வளர்ப்பதற்கு எளியவை என்று இவற்றுக்கு வழங்கும் பெயர் பாதி அளவே உண்மை. இவற்றை இனப்பெருக்கம் செய்விக்க எந்த முயற்சியும் தேவையில்லை; பிறந்தவற்றைக் காப்பதும், தலைமுறைதோறும் தரம் குன்றாமல் பார்ப்பதும், பெருகியவற்றுக்கு இடம் தேடுவதுமே வளர்ப்பவரின் உழைப்பைக் கோருகின்றன.

கப்பியை 1859இல் வெனிசுவேலாவிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு ஜெர்மானிய விலங்கியலாளர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் விவரித்துப் பெயரிட்டார். 1866இல் டிரினிடாடில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் அனுப்பிய மீன்களைப் புதிய இனம் எனக் கருதிய ஆல்பர்ட் குந்தர், அனுப்பியவரின் பெயரையே அவற்றுக்குச் சூட்டினார். முந்திய பெயருக்கே உரிமை என்னும் அறிவியல் விதிப்படி குந்தர் இட்ட பெயர் வழக்கொழிந்தது. ஆயினும் மக்கள் நாவில் 'கப்பி' நிலைத்துவிட்டது.

இம்மீன்களில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது எளிது. வயிற்றின் பின்புறமுள்ள மலவாய்த் துடுப்பு பெண்ணுக்கு விசிறி போல் விரிந்திருக்க, ஆணுக்கு அது மெல்லிய கோல் போல் நீண்டு, விந்தைப் பெண்ணின் உடலுக்குள் செலுத்தும் உறுப்பாக மாறியிருக்கும். இதற்குக் கோனோபோடியம் என்று பெயர். கருக்கள் தாயின் உடலுக்குள் வளர்ந்தாலும், கப்பியைப் பொறுத்தவரை அவற்றின் உணவு பெரும்பாலும் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்தே கிடைக்கிறது. இதே குடும்பத்தின் வேறு சில இனங்களிலோ, பாலூட்டிகளின் நஞ்சுக்கொடியை ஒத்த திசு வழியாகத் தாயே உணவளிப்பதும் உண்டு. சினைக்காலம் ஏறத்தாழ 4 வாரங்கள். நீரின் வெப்பம் குறைந்தால் அது நீளும். வால் பக்கமாக வயிற்றில் தெரியும் கருநிறச் சினைப்புள்ளி நாளுக்கு நாள் விரிந்து, வயிறு பெட்டி போல் கோணம் கொள்ளும்போது ஈனும் நாள் நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

பெண் கப்பி ஒருமுறை பெற்ற விந்தைத் தன் உடலில் பல மாதங்கள் சேமித்து வைத்து, மறுபடி ஆணைச் சேராமலேயே அடுத்தடுத்துப் பல ஈற்றுகள் ஈன வல்லது. ஆகவே ஆணும் பெண்ணும் கலந்த தொட்டியிலிருந்து வாங்கி வரும் பெண் மீன், தனியே விடப்பட்டாலும், அநேகமாக எவரும் அறியாத தந்தையின் குட்டிகளையே ஈனும். வீட்டில் நல்ல ஆணைச் சேர்த்தும் குட்டிகள் ஏன் அதைப்போல் இல்லை என்று குழம்புவோருக்கான விடை இங்கேதான் உள்ளது.

வளர்ப்பின் அடிப்படை நீரே. கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்த கடின நீர் இம்மீன்களுக்கு உகந்தது என்பதால், பிற வண்ண மீன்களுக்கு ஒவ்வாத ஆழ்துளைக் கிணற்று நீர்கூட இவற்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும். மோலியோ உவர்நீரிலும் வாழக்கூடியது. வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் நலம். குழாய் நீரில் கிருமி நீக்கத்துக்காகச் சேர்க்கப்படும் குளோரின் செவுள்களை அரிப்பதால், அதை நீக்கிய பின்னரே நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

புதிதாக மீன் வளர்ப்போர் அடையும் இழப்புகளில் பெரும்பகுதி, கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாவால் நேர்கிறது. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய தீனியிலிருந்தும் உண்டாகும் அம்மோனியா கடும் நஞ்சு. அதை ஒரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை அதனினும் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் ஃபில்டரில் குடியேறிப் பெருகச் சில வாரங்கள் ஆவதால், தொட்டி வாங்கிய அன்றே அதை மீன்களால் நிரப்புவது அவற்றைச் சாகக் கொடுப்பதற்குச் சமம். ஏற்கெனவே நன்கு இயங்கும் தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கொண்டுவந்து வைத்தால் காத்திருப்பு குறையும். அதைக் குழாய் நீரில் கழுவினால் நுண்ணுயிர்கள் மடியும் என்பதால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றினால் நைட்ரேட்டும் கட்டுக்குள் நிற்கும்.

ஆண்கள் பெண்களை ஓயாது துரத்துவதால், ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்ற கணக்கில் விடுவதே பெண்களின் உடல்நலத்துக்கு ஏற்றது. ஓர் ஈற்றில் சில குட்டிகள் முதல் நூறு வரை பிறக்கலாம். தன் குட்டி என்ற வேறுபாடு தாய் மீனுக்கு இல்லை, அகப்பட்டதை விழுங்கிவிடும். இதைத் தவிர்க்கக் கடைகளில் விற்கும் சிறு பிளாஸ்டிக் பெட்டிக்குள் நிறைசினை மீனை அடைப்பது பரவலான வழக்கமாயினும், அது விரும்பத்தக்க முறையன்று. குறுகிய இடத்தின் அச்சத்தால் ஈற்று தடைப்படுவதும் தாய் இறப்பதும் உண்டு. ஜாவா பாசியையும் வேலம்பாசி போன்ற கொடிகளையும் அடர்த்தியாக வளர்த்துவிட்டால், குட்டிகள் அவற்றினூடே ஒளிந்து பிழைத்துக்கொள்ளும். உப்பு நீரில் ஒன்றரை நாளுக்குள் பொரியும் ஆர்ட்டீமியா என்னும் நுண் இறாலினத்தின் இளம் உயிர்கள் குட்டிகளுக்கு மிகச் சிறந்த தீனி. அவித்த மஞ்சள் கருவும் பயன்படும் என்றாலும், சற்று மிகுந்தாலே நீரைக் கெடுத்துவிடும்.

நிறமும் வாலும் அழகுற அமைந்த ஒரு வகையைத் தலைமுறைகளாக நிலைநிறுத்த விரும்புவோர், மூன்று நான்கு வார வயதிலேயே ஆண்களையும் பெண்களையும் தனித்தனித் தொட்டிகளுக்குப் பிரித்துவிட வேண்டும். விந்தைச் சேமிக்கும் இயல்பு காரணமாக, ஒரு நாள் தாமதமும் மாதக்கணக்கான உழைப்பை வீணாக்கக்கூடும். ஆண் கப்பியின் வண்ணக் கூறுகளில் சில தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வதை 1920இல் டென்மார்க்கின் யோஹன்னஸ் ஷ்மிட் கண்டறிந்தார். அவை ஒய் நிறமூர்த்தம் வழியாகக் கடத்தப்படுவதை 1922இல் ஓய்விண்ட் விங்கே நிறுவினார். டிரினிடாடின் ஓடைகளில் கொல்மீன்கள் மிகுந்த இடங்களில் ஆண் கப்பிகள் மங்கியும், அவை குறைந்த இடங்களில் பகட்டாகவும் இருப்பதை ஆராய்ந்த ஜான் எண்ட்லர், 1970களில் மங்கிய கப்பிகளைக் கொல்மீன் குறைந்த ஓடைக்கு மாற்றி, ஓரிரு ஆண்டுகளிலேயே அவற்றின் சந்ததி பகட்டானதைக் கண்டார். வீட்டுத் தொட்டியில் கொல்மீன் இல்லை. தேர்வு வளர்ப்பவரின் கையில் இருக்கிறது. வளைந்த முதுகும் மெலிந்த உடலும் கொண்டவற்றை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கி, நெருங்கிய உறவுக்குள்ளேயே ஈற்று தொடராதபடி அவ்வப்போது வேற்றுக் கால்வழியைச் சேர்ப்பது இன்றியமையாதது.

எத்தனை கவனமாக வளர்த்தாலும் மீன்கள் தொட்டியின் கொள்ளளவை மீறும் நாள் வந்தே தீரும். அன்று மிகுதியானவற்றை நண்பர்களுக்குக் கொடுக்கலாம். சென்னைக் கொளத்தூரைப் போல வண்ண மீன் வளர்ப்புக்குப் பெயர் பெற்ற இடங்களின் கடைக்காரர்களிடம் ஒப்படைக்கலாம். ஆண்களை மட்டும் வைத்துக்கொண்டு பெருக்கத்தையே நிறுத்தலாம். ஏரியிலோ ஆற்றிலோ கொண்டு விடுவது மட்டும் ஒருபோதும் கூடாது. கொசுவை ஒழிக்க 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியாவும் இதே குடும்பத்து மீன்தான். அது பரவிய நாடுகள் பலவற்றில் நாட்டு மீன்களுக்கும் தவளைக் குஞ்சுகளுக்கும் பெருங்கேடாக முடிந்தது. கொசுப் புழுக்களைத் தின்னும் அப்லோக்கைலஸ் பேரினச் சிறுமீன்கள் நம் குளங்களுக்கே உரியனவாக இருக்க, அவற்றின் இரையையும் இடத்தையும் பறிக்கும் அயல் மீனை அங்கே விட வேண்டிய தேவையே இல்லை. தொட்டியில் பிறந்த மீன் தொட்டியிலேயே வாழட்டும்.