மணல் தின்னும் இரும்பு: பக்கெட் விளிம்புக்கு எது பொருத்தம்?

மேட்டூர் அணையில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பது வழக்கம். அதற்குள் வாய்க்கால்களைத் தூர்வாரி முடித்தாக வேண்டும். திருச்சி நகருக்குள் புகுந்து வாழவந்தான்கோட்டை ஏரி வரை போகும் உய்யக்கொண்டான், கொள்ளிடத்துக்கு வடக்கே மண்ணச்சநல்லூர், லால்குடி வட்டாரத்துக்குப் பாயும் அய்யன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும், ஸ்ரீரங்கம் தீவுக்குள்ளேயே ஓடும் நாட்டு வாய்க்கால் என எல்லாவற்றுக்கும் வேலை அந்தக் கோடைக்குள்தான். அந்த நாட்களில் ஒரு ஜேசிபி பட்டறை வாசலில் நின்றால் நஷ்டம் அதன் உரிமையாளருக்கு மட்டுமல்ல. கடைமடைக்காரருக்குத் தண்ணீர் போய்ச் சேருவதும் தள்ளிப்போகிறது.

வண்டி நிற்பதற்கு எஞ்சின் கோளாறுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பல நேரம் பக்கெட்டின் உதட்டில் இருக்கும் இரும்புப் பட்டைதான் காரணம். ஆபரேட்டர்கள் அதைக் ‘கட்டிங் எட்ஜ்’ என்பார்கள், சிலர் ‘பிளேடு’ என்பார்கள். மண்ணை முதலில் தொடுவதும் முதலில் தேய்வதும் அதுதான். பக்கெட்டைக் காப்பாற்றத் தன்னைக் கரைத்துக்கொள்ளவே அதை வைத்திருக்கிறார்கள். அது முழுக்கத் தேய்ந்தபின்னும் ஓட்டினால், அடுத்து பக்கெட்டின் அடித்தகடு தேயும். பட்டையை ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். அடித்தகட்டை வெட்டி எடுத்து வேறு தகடு வைப்பது பல நாள் வேலை.

சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கும் சோஜிலா கணவாயில் எல்லைச் சாலை அமைப்பு பனியை ஒதுக்கிப் பாதை திறப்பதைச் செய்திகளில் பார்க்கிறோம். பனி தள்ளும் கலப்பை எந்த நாட்டில் ஓடினாலும் அதன் கீழ்விளிம்பில் இதே போன்ற மாற்றுப் பட்டை ஒன்று உண்டு. எஃகா, கார்பைடு பதித்ததா, ரப்பரா, பாலியூரிதேனா என்று அங்கே கேட்கும் கேள்வியைத்தான் காவிரிக் கரையிலும் கேட்க வேண்டியிருக்கிறது. விடை மட்டும் வேறு. அங்கே பனிக்கு அடியில் சாலை இருக்கிறது. இங்கே மணலுக்கு அடியிலும் மணல், சில இடங்களில் கான்கிரீட்.

முதலில் மணல். காவிரி, கொள்ளிடம் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். விக்கர்ஸ் அளவில் அதன் கடினம் 1000-ஐ ஒட்டி வரும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மைல்ட் ஸ்டீல் தகடு பிரினெல் அளவில் 120 முதல் 150 வரை. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள் என்றாலும் இடைவெளி எவ்வளவு பெரிது என்பது தெரியும். ஒவ்வொரு மணல் துகளும் அந்தத் தகட்டை நுண்ணிய உளி போலச் செதுக்கிக்கொண்டு போகிறது. “போன வாரம்தான் தகடு வைத்தேன், அதற்குள் கரைந்துவிட்டது” என்று படுகையில் வேலை செய்யும் ஆபரேட்டர் சொன்னால் அதில் மிகை இல்லை. அதே தகடு வண்டல் மட்டும் உள்ள வாய்க்காலில் அதைவிட வெகுநாள் தாங்கும்.

மைல்ட் ஸ்டீலுக்கு மாற்றாகப் பட்டறைகளில் சட்டென்று நினைவுக்கு வருவது லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை. பொருள் நல்ல பொருள்தான். தோய்ச்சல் கொடுத்த ஸ்பிரிங் எஃகு பிரினெல் 400 பக்கம் நிற்கும். அதை வெல்டிங் வைத்து ஒட்டும்போதுதான் சிக்கல். கார்பன் அதிகமுள்ள எஃகு வெல்டிங் சூட்டில் சிவந்து, பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த தகடு சூட்டை இழுத்துக்கொள்ள, சட்டென்று ஆறும். வெல்டிங் பற்றை ஒட்டிய பகுதி கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். வேர்க்கட்டையிலோ புதைந்த கல்லிலோ ஒரு அடி பட்டால் பட்டை வெல்டிங் ஓரமாகவே விண்டு விழும். ஸ்பிரிங் பட்டையைத் துளையிட்டு போல்ட் போட்டு மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை. துளையிடுவது கடினம் என்பதால்தான் யாரும் அதைச் செய்வதில்லை.

கம்பெனி கட்டிங் எட்ஜ் என்று விற்பதில் பெரும்பாலானவை போரான் சிறிதளவு சேர்த்து, சூடாக்கித் தோய்ச்சல் கொடுத்த எஃகு. பிரினெல் 400-லிருந்து 500 வரை வரும். ரோட்டவேட்டர் கத்திகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவைதான். மணலின் கடினத்தோடு பார்த்தால் இதுவும் பாதிதான். எனவே தேயத்தான் செய்யும், மெதுவாகத் தேயும். அடி தாங்கும், எளிதில் உடையாது. மணலும் சரளையும் அவ்வப்போது கல்லும் கலந்து வரும் பொதுவான தூர்வாரும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்தப் பட்டையைப் பற்றவைக்கும் விதம் சரியாக இல்லையென்றால் கொடுத்த காசு வீண். குறை ஹைட்ரஜன் ராடு, பட்டறை மொழியில் 7018, இதற்கு வேண்டும். அந்த ராடை ஓவனில் காயவைத்துச் சூடு ஆறாமல் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். வாய்க்கால் கரையில் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டு இரண்டு நாள் கழித்து எடுத்தால், ராடின் பூச்சில் ஏறிய ஈரம் வெல்டிங்கின்போது ஹைட்ரஜனாகப் பிரிந்து எஃகுக்குள் போய்விடும். பற்று அப்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ உள்ளுக்குள் விரிசல் ஓடும். “நேற்றுதான் வெல்டு வைத்தோம், இன்றைக்குக் கழன்று விழுந்துவிட்டது” என்பதன் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. பற்றவைக்கும் முன் கேஸ் டார்ச்சால் இரு தகடுகளையும் 100 முதல் 150 டிகிரி வரை சூடாக்கிக்கொள்வதும், முடிந்ததும் தண்ணீர் ஊற்றி ஆற்றாமல் சாக்கோ மணலோ போட்டு மூடி மெல்ல ஆறவிடுவதும் இந்த விரிசலைத் தடுக்கும். தண்ணீர் ஊற்றும் பழக்கத்தைப் பட்டறைகள் விட்டாலே பாதித் தொல்லை தீரும்.

இதைச் சொல்லித்தர ஊருக்கு வெளியே தேட வேண்டியதில்லை. திருச்சி பெல் வளாகத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. பெல்லுக்காகக் கொதிகலன் பாகங்கள் செய்து தேர்ந்த பட்டறைகள் துவாக்குடி, அரியமங்கலம் பக்கம் நிறைய. அந்தத் தேர்ச்சி சாலையோர ஜேசிபி பட்டறை வரை வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்து மாங்கனீஸ் எஃகு. இதை விலை உயர்ந்தது, ஆகவே நல்லது என்று நம்பி வாங்குகிறார்கள். 1882-ல் ஷெஃபீல்டைச் சேர்ந்த ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த இந்த எஃகில் மாங்கனீஸ் 11 முதல் 14 சதவீதம். வாங்கும்போது பிரினெல் 200 அளவில் மென்மையாகத்தான் இருக்கும். அடி படப்பட மேற்பரப்பு இறுகி 500 வரை போகும். ரயில் தண்டவாளம் பிரியும் கிராசிங்குகளில் இதை வைப்பது அதனால்தான். ஒவ்வொரு சக்கரமும் அதைச் சுத்தியால் அடிப்பது போல் அடித்துவிட்டுப் போகிறது. கல் உடைக்கும் கிரஷரின் தாடைக்கும் அதே காரணம். கொள்ளிடம் மணலில் அந்த அடி எங்கே? மணல் உரசுமே தவிர மோதாது. மாங்கனீஸ் இறுகாமல், மென்மையாக இருந்தபடியே தேய்ந்து போகும். குவாரியில் ஓடும் வண்டிக்கு இதை வாங்குங்கள், வாய்க்காலில் ஓடும் வண்டிக்கு வேண்டாம்.

டங்ஸ்டன் கார்பைடு நம் ஊரில் அறிமுகமானதுதான். திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் போகும் போர்வெல் வண்டிகளின் பிட்டில் குமிழ் குமிழாகப் பதித்திருப்பது அதுவே. மணலைவிடக் கடினமானது. பனி நாடுகளில் கலப்பை விளிம்பில் இதன் துண்டுகளை எஃகுக்குள் பதித்துவைக்கிறார்கள். சாதாரண எஃகு பலமுறை மாறும் காலம் வரை ஒரே விளிம்பு ஓடும். இதன் பலவீனம் பக்கவாட்டு அடி. சாலையில் துருத்தி நிற்கும் மேன்ஹோல் மூடியில் மோதினால் துண்டு சிதறும். அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள, கார்பைடு பதித்த எஃகுத் துண்டுகளை ரப்பருக்குள் பொதித்துச் செய்யும் விளிம்புகளும் அங்கே வந்துவிட்டன. பழைய பாலத்தின் இடிந்த கல்லும் தென்னை அடிக்கட்டையும் எங்கே புதைந்திருக்கிறது என்று தெரியாத நம் வாய்க்கால்களில் கார்பைடுக்குக் காசு கொடுப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

அதே கடினத்தைக் குறைந்த செலவில் ஓரளவு பெற ஒரு வழி உண்டு: ஹார்டுஃபேசிங். குரோமியம் மிகுந்த ராடால் விளிம்பின் மேல் வரி வரியாகப் பற்று வைப்பது. அந்த வரிக்குள் இருக்கும் குரோமியம் கார்பைடு மணலைவிடக் கடினமானது. வரிகளை எந்தத் திசையில் போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். மணலிலும் வண்டலிலும் ஓடும் பக்கெட்டுக்கு, மண் நகரும் திசைக்குக் குறுக்கே வரி போட வேண்டும். இரண்டு வரிகளுக்கு நடுவில் மணல் போய் அடைந்துகொள்ளும், அந்த மணலே அடித்தகட்டுக்குக் கவசமாகிவிடும். பெருங்கல் அள்ளும் பக்கெட்டுக்கு மண் நகரும் திசையிலேயே வரி போட வேண்டும். கல் வரிமேல் சறுக்கிக்கொண்டு போகும். பட்டை புதிதாக இருக்கும்போதே வரி போடுங்கள், பாதி தேய்ந்தபின் போட்டு லாபம் குறைவு. இரண்டு அடுக்குக்கு மேல் ஏற்றினால் பெயர்ந்து விழும். வரியின் குறுக்கே மயிரிழை போல விரிசல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், இந்த ராடின் இயல்பு அது. ஒரு பக்கத்தில் மட்டும் வரி வைத்தால் மறுபக்கம் சற்று வேகமாகத் தேய்ந்து, விளிம்பு தானாகவே கூராக நிற்கும்.

இதுவரை மண் படுகையைப் பற்றித்தான் பேசினோம். தளத்திலும் கரையிலும் கான்கிரீட் போட்ட வாய்க்கால்களில் கணக்கே தலைகீழ். அங்கே விளிம்பு தேய்வதைவிடத் தளம் பெயர்வதுதான் பெரிய இழப்பு. பல் வைத்த பக்கெட் கான்கிரீட்டில் இறங்கினால் ஒவ்வொரு பல்லும் ஒரு கோடு கீறும். கான்கிரீட்டின் இணைப்பில் பல் மாட்டினால் சிமென்ட் பாளமாகப் பெயரும். அடுத்த ஆண்டு தண்ணீர் அந்த ஓட்டையில் புகுந்து அடியில் உள்ள மண்ணை அரிக்கும். தூர்வாருவதற்கு ஒப்பந்தம் விடும்போது எத்தனை மீட்டர் நீளம், எத்தனை கன மீட்டர் மண் என்று எழுதுகிறோம். கான்கிரீட் தளத்தில் பல் இல்லாத நேர் விளிம்பு பக்கெட் மட்டுமே இறங்க வேண்டும் என்ற ஒரு வரியையும் அதில் சேர்க்க வேண்டும்.

கான்கிரீட்டின் மேல் கடைசியாகத் தங்கும் மெல்லிய சேற்றை வழிக்க எஃகே தேவையில்லை. சிறிய பாப்கேட் வண்டியின் பிளேடில் கனமான ரப்பர் பட்டை அல்லது பாலியூரிதேன் பட்டை போதும். மென்மையானது எப்படித் தாங்கும் என்று கேட்பவர்கள் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்குள் போய்ப் பார்க்கலாம். உமி நீக்கும் எந்திரத்தில் இரண்டு ரப்பர் உருளைகள் இருக்கின்றன. கல்லாலும் இரும்பாலும் அரைத்த காலத்தில் அரிசி நொய்யானது. ரப்பர் உருளை சீக்கிரம் தேயும், அடிக்கடி மாற்ற வேண்டும், ஆனால் அரிசி முழுதாக வரும். வாய்க்கால் தளத்துக்கும் ரப்பர் விளிம்பு செய்வது அதே காரியம்தான். பனி நாட்டில் ஓடுதளங்களிலும் பாவுகல் பதித்த தெருக்களிலும் இதனால்தான் ரப்பரும் பாலியூரிதேனும் வைக்கிறார்கள். நமக்கு ஒரு எச்சரிக்கை: பாலியூரிதேன் அதிகச் சூட்டில் இளகி வலுவிழக்கும். மே மாத மதியத்தில் காய்ந்த தார்ச்சாலையில் மணல் வழிக்க அதைப் போடாதீர்கள். ஈரமான வாய்க்காலில் போடலாம், அதிலும் ஈரத்தைத் தாங்கும் வகை எது என்று கேட்டு வாங்க வேண்டும்.

எந்தப் பொருளை எடுத்தாலும் போல்ட் போட்டு மாட்டும் வகையாக எடுப்பது நல்லது. இரு ஓரமும் சீவிய பட்டை என்றால் ஒரு ஓரம் தேய்ந்ததும் திருப்பிப் போட்டு மறு ஓரத்தையும் ஓட்டலாம். ஒரு பட்டையின் விலையில் இரண்டு வாழ்வு. ஆனால் சரியான நேரத்தில் திருப்ப வேண்டும். சீவல் முழுதும் தேய்ந்து போல்ட் தலைகள் மண்ணில் உரசத் தொடங்கினால், தலை மழுங்கி நட்டைக் கழற்ற முடியாமல் கேஸ் கட்டிங்கில் வெட்ட வேண்டிவரும். அந்தச் சூட்டில் துளை ஓரத்தின் தோய்ச்சலும் போய்விடும். புதுப் பட்டை மாட்டினால் முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். தளர்ந்த போல்ட்டில் பட்டை ஆடி, துளை முட்டை வடிவமாகிவிட்டால் புதுப் பட்டையும் நிற்காது.

விலையைக் கிலோ கணக்கில் பார்க்கிறவர்கள் மைல்ட் ஸ்டீலைத்தான் வாங்குவார்கள். ஓட்டத்தின் மணிக்கணக்கில் பார்த்தால் படம் மாறும். இரண்டு மடங்கு விலை கொடுத்த பட்டை மூன்று மடங்கு நேரம் ஓடினால் அது மலிவான பட்டை. மாற்றுவதற்கு வண்டி நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் இன்னும் மலிவு. கடனில் வண்டி எடுத்து, வாடகை வருமானத்தில் தவணை கட்டும் ஒற்றை வண்டிக்காரருக்கு இந்த வேறுபாடு சின்னதல்ல. பட்டை மாட்டிய நாளில் வண்டியின் மணி மீட்டரைக் குறித்து, கழற்றும் நாளிலும் குறித்து வைத்தால் இரண்டு பருவத்தில் அவருக்கே தன் மண்ணுக்கு எது தாங்குகிறது என்ற கணக்கு கிடைத்துவிடும்.

கடையில் நிற்கும்போது ஒரு சோதனை. மைல்ட் ஸ்டீல் துண்டு ஒன்றையும் நல்ல அரம் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். முதலில் மைல்ட் ஸ்டீலில் அரத்தை இழுங்கள், கடித்துக்கொண்டு தூள் விழும். அதே அழுத்தத்தில் விற்பனைப் பட்டையில் இழுங்கள். தோய்ச்சல் கொடுத்ததாக இருந்தால் அரம் அவ்வளவு எளிதில் கடிக்காது, சத்தமும் மாறும். இரண்டிலும் ஒரே மாதிரி தூள் விழுந்தால், பெயிண்டும் ஸ்டிக்கரும் என்ன சொன்னாலும் அது சாதாரணத் தகடுதான். நடுவில் மட்டும் இழுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், இரண்டு முனைகளிலும் இழுத்துப் பாருங்கள். தோய்ச்சல் சீராக இறங்காத பட்டையில் முனைக்கும் நடுவுக்கும் வித்தியாசம் கையிலேயே தெரிந்துவிடும்.