ஹவானாவின் தண்ணீர்த் தொட்டிகளும் மருத்துவ மாணவர்களும்

புயலுக்குப் பின் பிறந்த பள்ளி

1998இல் மிட்ச், ஜார்ஜ் என்ற இரு சூறாவளிகள் மத்திய அமெரிக்காவையும் கரீபியத் தீவுகளையும் சூறையாடின. உதவிக்கு மருத்துவர்களை அனுப்பிய கியூபா, அந்நாடுகளின் ஏழை வீட்டுப் பிள்ளைகளையே மருத்துவர்களாக்க முடிவுசெய்தது. 1999இல் ஹவானாவின் மேற்கே, பழைய கடற்படைப் பயிற்சி வளாகத்தில் லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளி தொடங்கியது. ஆறாண்டுப் படிப்பு, கட்டணம் கிடையாது. ஸ்பானிய மொழி தெரியாதவர்கள் முதலில் அதைக் கற்கவேண்டும். பாட்டியிடம் அவர் மொழியில் வலியை விசாரிக்கத் தெரியாமல் சமூக மருத்துவம் படிக்க முடியாது அல்லவா?

நோயில்லாதவருக்கும் ஒரு கோப்பு

கியூபாவில் 1984இல் குடும்ப மருத்துவர், செவிலியர் திட்டம் வந்தது. அவர்கள் தங்கள் பகுதி மக்கள் அனைவரையும் நான்காகப் பிரித்து வைத்திருப்பார்கள்: நலமாக இருப்பவர்; புகைப்பழக்கம், உடற்பருமன் போன்ற ஆபத்து உள்ளவர்; நோயாளி; நோயால் ஊனமுற்றவர். நலமாக இருப்பவரையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் மாணவருக்கு இது புதிது. நோயாளி வரட்டும் என்று காத்திருக்கும் மருத்துவத்தையே அவர் பார்த்து வளர்ந்திருப்பார்.

டெங்கு நடத்திய பாடம்

1977இல் டெங்குவின் முதல் வகை வைரஸ் கியூபாவில் பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள். அவர்களில் 101 பேர் குழந்தைகள். ஒரு வகை தாக்கியவரை வேறொரு வகை மீண்டும் தாக்கினால் நோய் கடுமையாகலாம் என்பதற்கு இந்தக் கொள்ளைநோய் முக்கியமான சான்றானது.

அதனால்தான் மாணவர்கள் வீடுவீடாகப் போய்க் காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள், தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் உட்சுவரில் முட்டையிடும். தொட்டி காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும்.

குழாயில் தண்ணீர் வராத தெரு

ஆனால் வீட்டில் ஏன் இத்தனை தண்ணீர்த் தொட்டிகளும் டிரம்களும்? குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாததால். "தண்ணீர் தேக்காதீர்கள்" என்று அந்த வீட்டுக்காரரிடம் சொல்வது நியாயமே இல்லை. மூடி கொடுக்கவேண்டும், குப்பை அள்ளவேண்டும், குழாயைச் சரிசெய்யவேண்டும். பொருளாதார நெருக்கடி, மருந்துத் தட்டுப்பாடு, மருத்துவர்கள் நாட்டைவிட்டு வெளியேறுவது என எல்லாம் சேர்ந்து கியூபாவின் மருத்துவ அமைப்பை இன்று பலவீனப்படுத்தியிருக்கின்றன. 2025இல் டெங்குவும் சிக்குன்குனியாவும் தீவெங்கும் பரவின. நோயறிவு மக்களிடம் இருந்தும், அதைக் கடைப்பிடிக்க வசதி இல்லாவிட்டால் கொசுதான் ஜெயிக்கும் என்பதை மாணவர்கள் அங்கே நேரில் பார்க்கிறார்கள்.

காய்ச்சல் விட்டபின் கவனம்

வீட்டாரிடம் அழுத்திச் சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு. டெங்குவில் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அளவுமீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் இபுபுரூஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் அவற்றைத் தொடக்கூடாது.